கம்மி காசுல சிஎன்சி ரூட்டர்: எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க பிடிக்கக்கூடாது

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் தச்சுப்பட்டறை வச்சிருக்கிறவங்க நெறைய பேரு இப்ப கதவு டிசைன், பூஜை ரூம் ஜாலி (ஓட்டை டிசைன் வச்ச பலகை) எல்லாத்தையும் சிஎன்சி கடைக்கு, அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மெஷின் வச்சிருக்கிற கடைக்கு அனுப்பி, சதுர அடி கணக்குல காசு குடுத்து வெட்டி வாங்கிட்டு வர்றாங்க. அதப் பாக்குற பசங்க, ஐடிஐ படிச்சவங்க, டிப்ளமோ முடிச்சுட்டு அப்பா பட்டறையிலயே உக்காந்திருக்கிறவங்க கேக்குற மொத கேள்வி, "அண்ணே, இத நம்மளே செஞ்சுட முடியாதா?" தாராளமா முடியும். ஆனா அடுத்த கேள்வியே எந்த சர்க்யூட் போர்டு வாங்கணும், எந்த மோட்டார் வாங்கணும்னு வரும், அங்கதான் ரூட்டு மாறிப் போயிடுது. போர்டும் மோட்டாரும்தான் இந்த மெஷின்லயே சுலபமா கெடைக்கிற, தொல்லை கம்மியான சாமான், ஆன்லைன்ல தட்டினா நாலஞ்சு நாள்ல வீட்டு வாசல்ல வந்து நிக்கும். காசும் மண்டையும் செலவாகுற எடம் வேற. வெட்டுற தலை நேரா ஓடணும், வெட்டும்போது அசையாம நிக்கணும், இந்த ரெண்டுதான் சிஎன்சி, மத்ததெல்லாம் இதுக்கு எடுபிடி.

மொதல்ல இது என்னன்னு பாத்துடுவோம். ரூட்டர்ங்கிறது ஆசாரிங்க கையில பிடிச்சு பலகை ஓரத்துல மோல்டிங் ஓட்டுவாங்களே அந்த மெஷின்தான், உள்ள ஒரு மோட்டார், முனையில வெட்டுற பிட்டு ஒண்ணு, நிமிஷத்துக்கு பத்தாயிரம் இருபதாயிரம் சுத்து சுத்தும். அத கையில பிடிக்காம ஒரு பாலத்துல மாட்டி, இடம் வலமா ஓடறதுக்கு ஒரு அச்சு, முன்ன பின்ன ஓடறதுக்கு ஒரு அச்சு, மேல கீழ எறங்கறதுக்கு ஒரு அச்சு, மூணுக்கும் ஒவ்வொரு மோட்டார் குடுத்து, கம்ப்யூட்டர் சொல்ற எடத்துக்கு ஓட்டினா அதான் சிஎன்சி ரூட்டர். எக்ஸ், ஒய், இசட்னு அந்த மூணு அச்சுக்கும் பேரு. அந்தப் பாலத்துக்கு கேன்ட்ரின்னு பேரு.

இந்த யோசனை ஒண்ணும் புதுசில்ல. அமெரிக்காவுல ஹெலிகாப்டர் றெக்கை செஞ்சுக்கிட்டிருந்த ஜான் பார்சன்ஸ்ங்கிறவர்தான் இத ஆரம்பிச்சு வச்சது, 1949ல அந்த நாட்டு விமானப்படை காசு குடுத்துச்சு, 1952ல அந்த நாட்டு எம்ஐடி காலேஜ்ல ஓட்டிக் காட்டினாங்க. அப்ப மோட்டாருக்கு உத்தரவு குடுக்கிற கன்ட்ரோலர் மட்டுமே பழைய ரேடியோ வால்வு அடுக்கின பெரிய அலமாரி கணக்கா இருந்துச்சு, ஓட்டை போட்ட டேப்ல உத்தரவு போகும். அந்த அலமாரி பாத்த வேலைய இப்ப அர்டுயினோ ஊனோங்கிற கையகல சர்க்யூட் போர்டு பாக்குது. 2009ல நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கொக்ஸ்ருட் எழுத ஆரம்பிச்ச ஜிஆர்பிஎல்ங்கிற சாஃப்ட்வேர இலவசமா எறக்கி அந்த போர்டுல ஏத்திட்டா கன்ட்ரோலர் ரெடி. அதனாலதான் சொல்றேன், இதுல மண்டைய ஒடச்சுக்காதீங்க, இது தீர்ந்து போன பிரச்சனை.

கம்ப்யூட்டர்லேர்ந்து போர்டுக்குப் போற பாஷை ஜி-கோடு. பயப்பட ஒண்ணுமில்ல, வரி வரியா உத்தரவுதான். ஜி21னா மிமீ கணக்கு, ஜி90னா ஆரம்பப் புள்ளியிலேர்ந்து அளக்கணும், ஜி0 இசட்5னா பிட்ட பலகைக்கு 5 மிமீ மேல தூக்கு, ஜி1 இசட்-1 எஃப்200னா 1 மிமீ உள்ள எறங்கு, நிமிஷத்துக்கு 200 மிமீ வேகத்துல, ஜி1 எக்ஸ்50 எஃப்600னா அப்படியே வெட்டிக்கிட்டு 50க்குப் போ. இவ்ளோதான், ஒரு கதவு டிசைன்ல இந்த மாதிரி வரி பல ஆயிரம் இருக்கும், அத நம்ம எழுதப் போறதில்ல, சாஃப்ட்வேர் எழுதிக்கும்.

மோட்டார் சாதா மோட்டார் கெடையாது, ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுத்துக்கு 200 அடி வச்சு நகரும், மோட்டார ஓட்டுற டிரைவர்ங்கிற குட்டி போர்டுல 16 மைக்ரோஸ்டெப் வச்சா, அதாவது ஒரு அடிய 16ஆ பிரிச்சா, அது 3200 ஆயிடும். அதுல டி8 லீட் ஸ்க்ரூ, அதாவது சுத்த சுத்த தலைய நகத்துற மரை போட்ட தண்டு, மாட்டினா ஒரு சுத்துக்கு 8 மிமீ போகும், அப்ப 3200ஐ 8ஆல வகுத்தா ஒரு மிமீக்கு 400 ஸ்டெப். அதாவது ஒரு ஸ்டெப்புக்கு 0.0025 மிமீ. இந்தக் கணக்கப் பாத்ததும் எல்லாருக்கும் ஜிவ்வுனு ஏறும், தலைமுடியே அதவிட எத்தனையோ மடங்கு தடிமன்னு. ஆனா அந்த நம்பர் மோட்டார் தண்டோட நம்பர், பிட்டு முனையோட நம்பர் இல்ல. ஸ்டெப்பர் மோட்டார் கண்ணக் கட்டிக்கிட்டு அடி எண்ணி நடக்கிறவன் மாதிரி, பத்து அடின்னா பத்து அடி வைக்கும், போய்ச் சேந்தோமா, நடுவுல யாராவது பிடிச்சுத் தள்ளினாங்களான்னு அதுக்குத் தெரியவே தெரியாது. மோட்டாருக்கும் பிட்டு முனைக்கும் நடுவுல இருக்கிற ஸ்க்ரூ, நட்டு, ராடு, பேரிங், பிளேட்டு, எது வளைஞ்சாலும் எது ஆடினாலும் அவ்ளோவும் வெட்டுல வந்து நிக்கும்.

எவ்ளோ வளையும்னு ஒரு தடவ கணக்குப் போட்டுப் பாத்துடுங்க, அதுக்கப்புறம் வாழ்க்கையில மெல்லிசு ராடு வாங்க மாட்டீங்க. 3டி பிரிண்டர்ல வர்ற 8 மிமீ ஸ்டீல் ராடு ரெண்டு எடுத்து, 500 மிமீ இடைவெளியில ரெண்டு முனைய மட்டும் தாங்கி வச்சு, நடுவுல 2 கிலோ பாரம் தொங்கவிட்டா, அந்தப் பாரத்துக்கு மட்டும் சுமார் 0.65 மிமீ தொங்கும். 2 கிலோங்கிறது பெருசில்ல, டிரிம் ரூட்டரும் (கைக்கு அடக்கமான சின்ன ரூட்டர்) அத மாட்டுற இசட் பிளேட்டும் சேந்தாலே தாண்டிடும். இன்னும் வெட்ட ஆரம்பிக்கல, சும்மா நிக்கும்போதே இந்த லட்சணம். இப்ப ராட 8லேர்ந்து 16 மிமீ ஆக்குங்க, தடிமன் ரெண்டு மடங்கானா விறைப்பு 16 மடங்கு ஏறும், தொய்வு 0.04 மிமீக்கு வந்துடும். அதுவே 8 மிமீ ராடையே வச்சுக்கிட்டு நீளத்த ஒரு மீட்டர் ஆக்கினா தொய்வு 8 மடங்கு, அதாவது 5 மிமீக்கு மேல, அது மெஷின் இல்ல, ஊஞ்சல்.

ஆக காசில்லாதவனுக்கு ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு தடிமனா போறது, இன்னொண்ணு சின்னதா போறது. சின்னதா போறதுக்கு காசே வேணாம்! ஆனா யாருமே அதுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, எடுத்த எடுப்புலயே எட்டுக்கு நாலு ஷீட்டு படுக்கணும்ங்கிறாங்க. மொத மெஷினுக்கு 300க்கு 300 மிமீ போதும், அதாவது ஒரு அடிக்கு ஒரு அடி. பேர்ப்பலகை, பூஜை கதவுல பதிக்கிற சின்ன சின்ன பேனல், கோல அச்சு, தஞ்சாவூர் ஓவியத்துக்கு வர்ற மாதிரி சின்ன ஃப்ரேம் ஓரம், இதெல்லாம் அதுக்குள்ள அடங்கும். நீளமான வேலை வந்தா பலகைய நகத்தி நகத்தி வெட்டலாம், ரெண்டு டோவெல் (குச்சி ஆணி) ஓட்டை போட்டு அளவு வச்சுக்கிட்டா போதும்.

இப்ப ஃப்ரேம். நெட்ல பாக்குற வீடியோவுல பாதி எம்டிஎஃப்ல, அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்தின பலகையில செஞ்சிருப்பாங்க, அவங்க ஊரு காத்து வேற. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில செவுத்துல கை வச்சா ஈரம் தெரியும், அந்த ரெண்டு மாசத்துல எம்டிஎஃப் ஓரம் ஊதி, நேத்து நேரா இருந்த பாலம் இன்னிக்கு கோணி நிக்கும். பலகையிலதான் செய்யணும்னா 18 மிமீ வாட்டர்புரூஃப் பிளைவுட் வாங்கி வெட்டின ஓரத்துக்கெல்லாம் ரெண்டு கோட்டு வார்னிஷ் குடுங்க, ரெண்டு பிளைவுட்ட ஒட்டி 36 மிமீ ஆக்கினா இன்னும் உத்தமம். அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (காடி வச்சு வர்ற அலுமினியச் சட்டம்) நல்லாருக்கும், பூட்டுறது சுலபம், வெலதான் ஏறும், கூரியர் காசு வேற. என்னக் கேட்டா நம்ம பக்கத்துக்கு தோதானது ஸ்கொயர் பைப்தான், ரெண்டு இன்ச்சுக்கு ரெண்டு இன்ச், 3 மிமீ கனம். மன்னார்குடியா இருந்தாலும் பட்டுக்கோட்டையா இருந்தாலும் கிரில் பட்டறை இல்லாத ரோடு கெடையாது, மீதி விழுந்த துண்டு பைப்ப எடைக்குப் போட்டு குடுத்துடுவாங்க.

ஆனா கிரில் பட்டறையில ஒரு விஷயம் மொதல்லயே பேசிக்கணும். அவங்க செய்யறது கேட்டு, ஜன்னல், தகர ஷெட்டு. அதுல ஒரு நூல் முன்ன பின்ன இருந்தா யாரும் கேக்கப் போறதில்ல, சிமெண்ட் பூசும்போது மறைஞ்சுடும். ஒரு நூல்னா எட்டுல ஒரு பங்கு இன்ச், 3 மிமீக்கு மேல. நமக்கு அவ்ளோ பிசகினா வேலையே போச்சு. அதனால மாஸ்டர்கிட்ட "கேட்டு இல்லண்ணே, மெஷின் படுக்கை, கொஞ்சம் பாத்து செய்யுங்க, கூலி சேத்து வாங்கிக்குங்க"ன்னு சொல்லிட்டு பக்கத்துல நில்லுங்க. பைப் நாலையும் தரையில போட்டு ஒரேயடியா பத்த வைக்கக்கூடாது. மொதல்ல நாலு மூலையிலயும் ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லுங்க. அப்புறம் டேப்ப எடுத்து மூலைக்கு மூலை பிடிங்க, இந்தக் குறுக்கும் அந்தக் குறுக்கும் ஒண்ணா இருந்தா சதுரம், வித்தியாசம் இருந்தா நீளமா இருக்கிற குறுக்கோட மூலையில சுத்தியால ஒரு தட்டு. பொட்டுதான்ங்கிறதால நகரும். ரெண்டும் ஒண்ணாகற வரைக்கும் தட்டி, அப்புறம் எதிர் எதிர் மூலையா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா வெல்டு ஓட்டணும். ஒரே மூலைய முழுசா ஓட்டினா சூட்டுல சுருங்கி அந்தப் பக்கம் இழுத்துக்கும், என்ன கெட்டிக்காரரா இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும். தை மாசியில போயிடாதீங்க, சம்பா அறுப்பு நேரம், அறுப்பு மெஷினும் டிரெய்லரும் வரிசை கட்டி நிக்கும், உங்க ஒரு அடி ஃப்ரேம திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க.

எவ்ளோ பாத்து செஞ்சாலும் வெல்டு பண்ண ஃப்ரேம் மேல்மட்டம் சமமா வராது. அதுக்கு கண்ணாடிக் கடையில 10 அல்லது 12 மிமீ கண்ணாடித் துண்டு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, ஜன்னல் கண்ணாடி மாதிரி வர்ற ஃப்ளோட் கிளாஸ் நம்ம வேலைக்குத் தேவையான அளவுக்கு நல்ல சமம். அத அசையாத மேடையில வச்சு மேல ஃப்ரேம கவுத்துப் போட்டா எந்த மூலை ஆடுதுன்னு உடனே தெரிஞ்சுடும். தலை ஓடற ரெயில் உக்கார்ற எடத்துல கூல்டிரிங்ஸ் டின் தகரத்த வெட்டி அடியில ஷிம்மா (அண்டக் குடுக்கிற மெல்லிசு தகடு) குடுத்து சமம் பண்ணலாம். இந்த வேலை ஒரு நாள் முழுக்க இழுக்கும். பொறுமையா பண்ணுங்க, மெஷினோட மொத்த தரமும் அந்த ஒரு நாள்லதான் இருக்கு.

அடுத்தது ஓடுற பாதை. ஹார்டுவேர் கடையில டிராயருக்கு போடுற டெலஸ்கோப்பிக் சேனல் சல்லிசா கெடைக்கும், அத வச்சு சிஎன்சி செய்யலாம்னு நெறைய பேரு காட்டுறாங்க. பேனா மாட்டி படம் வரைய ஓகே, மரம் வெட்ட வேணாம், விரல் வச்சு பக்கவாட்டுல அசைச்சுப் பாருங்க, கடகடன்னு ஆடும். அதுக்கு மேல படி, 608 பேரிங்க ஆங்கிள்லயோ பைப் மூலையிலயோ ஓட விடறது. 608ங்கிறது 8 மிமீ ஓட்டை, 22 மிமீ வெளிவட்டம், ஸ்கேட்டிங் சக்கரத்துல இருக்குமே அதான், பேரிங் கடையில சாதாரணமா கெடைக்கும். இது வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு பேரிங்கையும் இறுக்கி தளத்தி சரி பண்ற மாதிரி நீள ஓட்டை வச்சு மாட்டணும், மாட்டினதும் பேரிங் ஓடற எடத்துல பெயிண்ட் இருக்கக்கூடாது. அதுக்கும் மேல எஸ்பிஆர்16 ரெயில், 16 மிமீ தண்டுக்கு அடியில முழு நீளத்துக்கும் அலுமினியத் தாங்கி வரும், நடுவுல தொங்குற பேச்சே கெடையாது. எங்கயாவது கையக் கடிச்சு காசு போடணும்னா இதுக்குப் போடுங்க, எக்ஸுக்கும் ஒய்க்கும் இது, இசட்டுக்கு தூரம் கம்மிங்கிறதால 12 மிமீ சாதா ராடு போதும். பழைய மெஷின் பார்ட்ஸ் விக்கிற எடத்துல எச்ஜிஆர் ரெயில் (உள்ள பந்து வச்ச பிளாக் ஓடற சதுர ரெயில்) கெடைச்சா விடாதீங்க. வாங்கறதுக்கு முன்ன பிளாக்க மெதுவா தள்ளிப் பாருங்க, எங்கயாவது கரகரன்னு தட்டுச்சுன்னா பந்து போயிருக்கு, வேணாம்.

ஸ்க்ரூவுல மூணு ரகம். ஹார்டுவேர் கடை எம்8 திரெட் ராடு இருக்கிறதுலயே சல்லிசு, ஆனா ஒரு சுத்துக்கு 1.25 மிமீதான் போகும், 16 மைக்ரோஸ்டெப்ல மிமீக்கு 2560 ஸ்டெப் வேணும். ஊனோவுல ஓடற ஜிஆர்பிஎல் நொடிக்கு சுமார் 30,000 ஸ்டெப்தான் தள்ளும், கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு 700 மிமீ வேகத்துக்கு மேல போகாது, அது வரைக்கும் மோட்டாரும் தாக்குப் பிடிக்கிறது சந்தேகம். டி8 லீட் ஸ்க்ரூ சின்ன மெஷினுக்கு சரியான ஆளு, அரை மீட்டரத் தாண்டினா மட்டும் வேகமா சுத்தும்போது கயிறு மாதிரி ஆட ஆரம்பிக்கும். நட்டுக்குள்ள பந்து உருள்ற பால் ஸ்க்ரூ ராஜா, வெலையும் ராஜா.

எந்த ஸ்க்ரூவா இருந்தாலும் நட்டுக்கும் மரைக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும், தெசை மாறும்போது அந்த இடைவெளி அளவுக்கு ஸ்க்ரூ சுத்தும், தலை நகராது. இதுக்கு பேக்லாஷ்னு பேரு. கண்டுபிடிக்கிறது சுலபம், ஒரு வட்டம் வெட்டிப் பாருங்க, மேல கீழ இடம் வலம்னு நாலு எடத்துல சின்னதா தட்டையா இருந்தா அதேதான், ஏன்னா அந்த நாலு எடத்துலதான் ஏதாவது ஒரு அச்சு தெசை மாறுது. ஸ்ப்ரிங் வச்ச ஆன்டி பேக்லாஷ் நட்டு போட்டா பெரும்பாலும் அடங்கிடும். ஸ்க்ரூ முனைய பேரிங்குக்கு கடையறது, மோட்டார் மாட்டுற பிளேட்டுக்கு ஓட்டை போடறது இதுக்கெல்லாம் லேத் பட்டறைக்குப் போங்க, பம்பு செட்டு ஷாஃப்ட் கடைஞ்சு கடைஞ்சு அவங்க கை பழகியிருக்கும், நூறுல ஒரு பங்கு மிமீ வரைக்கும் பேசலாம். பேப்பர்ல படம் போட்டு அளவு எழுதிட்டுப் போங்க, வாயால சொல்லாதீங்க.

எலெக்ட்ரானிக்ஸ் சீக்கிரம் முடிச்சுடலாம். ஊனோ போர்டு, மேல டிரைவர சொருகுற ஒரு சிஎன்சி ஷீல்டு, மூணு ஏ4988 இல்ல டிஆர்வி8825 டிரைவர், நேமா 17 சைஸ் ஸ்டெப்பர் மோட்டார் மூணு, 12 இல்ல 24 வோல்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. ஒரு அடி மெஷினுக்கு நேமா 17 போதும், பெருசா போனா நேமா 23ம் டிபி6600 டிரைவரும் வேணும். கரண்டு ஓடிக்கிட்டிருக்கும்போது மோட்டார் ஒயர புடுங்காதீங்க, அந்த நொடியே டிரைவர் போயிடும். டிரைவர் மேல இருக்கிற குட்டி ஸ்க்ரூவ திருப்பி கரண்டு அளவு வைக்கணும், ஏ4988ல ஆர்100னு போட்ட ரெசிஸ்டர் இருந்தா 1 ஆம்பியருக்கு மல்டிமீட்டர்ல 0.8 வோல்ட் காட்டணும். வேற நம்பர் இருந்தா கணக்கு மாறும், ஆர்050னா 0.4 வோல்ட்.

நம்ம ஊரு விஷயம் ஒண்ணு இருக்கு, எந்த வெளிநாட்டு வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க: கரண்டு கட்டு. நடு வேலையில கரண்டு போச்சுன்னா மெஷினுக்கு தான் எங்க நிக்கிறோம்னே மறந்து போயிடும். அச்சோட ஓரத்துல தலை போய்த் தொடற லிமிட் ஸ்விட்ச் மூணு மாட்டி ஹோமிங் வச்சுட்டா, கரண்டு வந்ததும் மூலைக்குப் போய்த் தொட்டு மறுபடி கணக்க ஆரம்பிச்சுக்கும், ஸ்விட்ச் ஒண்ணு சில்லறைக் காசுதான். சிலபேரு கன்ட்ரோலருக்கு மட்டும் யுபிஎஸ் போடறாங்க, அது இன்னும் ஆபத்து, கரண்டு போனதும் ரூட்டர் நின்னுடும், ஆனா அச்சு மூணும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், சுத்தாத பிட்ட மரத்துல இழுத்துக்கிட்டுப் போய் டொக்குனு ஒடிச்சுடும். போட்டா ரெண்டுக்கும் போடுங்க, இல்லன்னா ரெண்டுக்கும் வேணாம்.

இதவிட முக்கியம், கரண்டு திரும்பி வரும்போது. டிரிம் ரூட்டர் ஸ்விட்ச் ஆன்லயே இருக்கும், நீங்க ஒடிஞ்ச பிட்ட மாத்தலாம்னு கைய உள்ள விட்டிருக்கும்போது கரண்டு வந்தா, சொல்லவே வேணாம். இதுக்கு மருந்து வயக்காட்டு மோட்டார் கொட்டகையிலயே இருக்கு, பச்சை பட்டன் செவப்பு பட்டன் வச்ச ஸ்டார்ட்டர் பெட்டி. கரண்டு போனா உள்ள இருக்கிற காயில் விட்டுடும், திரும்ப வந்தாலும் பச்சைய அமுக்கினாத்தான் ஓடும். சிங்கிள் பேஸ் வேலைக்கு காயில் 230 வோல்ட்டான்னு பாத்து வாங்குங்க, த்ரீ பேஸ் பம்பு செட்டுக்கு வர்றது பெரும்பாலும் 415 வோல்ட் காயிலா இருக்கும், அது நமக்கு இழுக்காது. கரண்டு வந்ததும் தானா மோட்டார ஓட விடுற ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் கூடவே கூடாது. மெஷினுக்கு வர்ற மெயின இந்தப் பெட்டி வழியா குடுத்து, கைக்கு எட்டுற எடத்துல மாட்டிட்டா செவப்பு பட்டன்தான் உங்க எமர்ஜென்சி ஸ்டாப்பு. அப்படியே எர்த்தும் பாத்துக்குங்க, பழைய ஓட்டு வீட்டு ஒயரிங்ல எர்த்தே இருக்காது, இருக்கிற மாதிரி மூணு ஓட்டை பிளக்கு மட்டும் இருக்கும். ஃப்ரேமுக்கு எர்த் இல்லன்னா ஷாக் ஒரு பக்கம், ரூட்டர் கெளப்புற நாய்ஸ்ல யுஎஸ்பி அடிக்கடி கட்டாகறது இன்னொரு பக்கம்.

வெட்டுற தலைக்கு ரெண்டு வழி. 775ங்கிற சின்ன டிசி மோட்டார் சல்லிசு, சத்தம் கம்மி, மரத்துல மெதுவா கீறி எடுக்கும், பேர்ப்பலகை எழுத்துக்குப் போதும். டிரிம் ரூட்டர் உண்மையான சக்தி, ஆனா பெரும்பாலும் 30,000 சுத்துல ஓடும், அங்க ஒரு சிக்கல். பிட்டோட ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் மரத்த வெட்டி எடுக்கணும், 0.05 மிமீன்னு வச்சுக்குவோம். ரெண்டு பல்லு பிட்டுன்னா 30,000, 2, 0.05 மூணையும் பெருக்கு, நிமிஷத்துக்கு 3000 மிமீ வேகத்துல ஓடணும். நம்ம டி8 மெஷின் அவ்ளோ வேகம் போகாது, மெதுவா போனா பல்லு வெட்டாம தேய்க்கும், தேய்ச்சா சூடு, சூடானா மரம் கருகும், பிட்டு மழுங்கும். புதுசா செஞ்சவங்க "மெதுவா போனா நல்லா வெட்டும்"னு நெனச்சு வேகத்த இன்னும் கொறைக்கிறாங்க, புகை இன்னும் ஜாஸ்தியாகும். ஒரு பல்லு பிட்டு போட்டா தேவையான வேகம் பாதியாயிடும், 1500. ஸ்பீடு கன்ட்ரோல் உள்ள ரூட்டரா வாங்கி 10,000 - 12,000ல ஓட்டினா இன்னும் நிம்மதி. ஆழம் பேராசைப்படாதீங்க, 3 மிமீ பிட்டுக்கு ஒரு தடவைக்கு 1, மிஞ்சிப் போனா 1.5 மிமீ. 6 மிமீ தண்டு பிட்ட கால் இன்ச் காலெட்ல (பிட்டப் பிடிச்சு இறுக்குற வாய்) மாட்டாதீங்க, கால் இன்ச்னா 6.35, பிடிச்ச மாதிரி இருக்கும், வெட்டும்போது கழண்டு பறக்கும்.

மரம்னு பாத்தா பூவரசு, வேம்பு ரெண்டும் பழகறதுக்கு நல்லது, நம்ம பக்கம் சுலபமா கெடைக்கும், நல்லா காஞ்சதா பாத்து எடுங்க. தேக்குல சிலிக்கா இருக்கு, பிட்டு சீக்கிரம் மழுங்கும். தஞ்சாவூர் வீணைக்கு எடுக்கிற பலா மரம் அழகா வெட்டுப்படும், ஆனா அதுல போய் கத்துக்கணுமா?

சாஃப்ட்வேர் எல்லாமே இலவசத்துல முடிஞ்சுடும். இங்க்ஸ்கேப்ல வரைங்க, ஃப்ரீகேட்ல வெட்டுற பாதை போட்டு ஜி-கோடா எடுங்க, யூனிவர்சல் ஜிகோடு சென்டர் இல்ல கேண்டில் வச்சு மெஷினுக்கு அனுப்புங்க. பழைய லேப்டாப்பே போதும்.

செலவு எவ்ளோன்னு கேட்டா, வெல மாசத்துக்கு மாசம் மாறுது, குத்துமதிப்பா சொல்றேன். போர்டு, ஷீல்டு, டிரைவர் எல்லாம் சேந்து ஆயிரம் ரூபா சுத்தி, மோட்டார் மூணும் ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து ஐநூறு, எஸ்எம்பிஎஸ் ஆயிரத்துக்குள்ள. ரெயிலும் ஸ்க்ரூவும் சேந்து ஆறு ஏழாயிரம் ஆயிடும், பைப்பு, வெல்டிங், லேத் கூலி மூணு நாலாயிரம், டிரிம் ரூட்டர் ரெண்டரை மூணாயிரம், ஸ்டார்ட்டர், ஒயர், பிட்டு, நட்டு போல்ட்டுன்னு சில்லறை ரெண்டாயிரம். இருபதாயிரம் கையில வச்சுக்கிட்டு எறங்குங்க. பத்தாயிரத்துலயும் நிக்கும், பேனா பிடிக்கும், தெர்மாகோல் வெட்டும், மரத்துல அழும். வெறும் கத்துக்கத்தான்னா இத செய்யவே வேணாம், 3018னு ஒரு ரெடிமேட் கிட்டு வருது, 300க்கு 180 மிமீ, அத வாங்கி பூட்டி ஜி-கோடு பழகிக்குங்க, நேரம் மிச்சம்.

செஞ்சு முடிச்சதும் ரூட்டர மாட்டாம ஒரு பேனாவ கட்டுங்க. 200 மிமீ சதுரம் வரைய விட்டு ஸ்டீல் ஸ்கேல்ல அளங்க. பக்கம் 200 வரலன்னா ஜிஆர்பிஎல் செட்டிங்ல 100, 101, 102வது நம்பர்ல இருக்கிற ஸ்டெப் கணக்க மாத்துங்க. பக்கம் சரியா இருந்து குறுக்களவு ரெண்டும் 282.8 வரலன்னா செட்டிங்க தொடாதீங்க, பாலம் கோணியிருக்கு, ஸ்பேனர எடுங்க. படுக்கை மேல வெட்டுப்பட்டாலும் பரவால்லன்னு ஒரு எம்டிஎஃப் பலகையப் போட்டு, அகலமான பிட்டால மேல்மட்டத்த ஒரு தடவ சீவி விட்டுடுங்க, அது மெஷினோட அச்சுக்கு சமமா உக்காந்துக்கும், மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடி ஒரு சீவு. எம்டிஎஃப் தூசி மாவு மாதிரி, ஒட்டுற பசையில ஃபார்மால்டிஹைடு இருக்கு, கைக்குட்டை கட்டினா நிக்காது, என்95 மாஸ்க் போட்டுக்குங்க, வேக்குவம் குழாய பிட்டு பக்கத்துல கட்டுங்க.

நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடல் பக்கத்துல இருக்கிறவங்க ரெயில ஒரு வாரம் சும்மா விட்டா செம்பழுப்பு பொரிஞ்சிருக்கும், உப்புக் காத்து. வேலை முடிஞ்சதும் தூசிய பிரஷ்ஷால தட்டி, தையல் மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு துணியால தொடச்சு வைங்க, கிரீஸ் அப்பாதீங்க, தூசி ஒட்டி பேஸ்ட் ஆயிடும். மூடி வைக்கறதுக்கும் துணி வேணாம், ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும், பிளாஸ்டிக் ஷீட்ட அடியில காத்து போற மாதிரி தளர்வா போடுங்க.